மூன்றாவது கியரும் இக்னேஷியஸின் இடது கையும்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் அப்பாவுவின் ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அஞ்சாம் கிளாஸில் பெயிலானவனுக்குப் பலகை எதற்கு என்பான். டீ கிளாஸிலிருந்து தலையைத் தூக்காமலே, வருகிற வண்டியின் சத்தத்தை வைத்து, "பேரிங் போச்சு", "ரெண்டாவது பல்லு போச்சு" என்று சொல்லிவிடுவான். அந்தக் காதுக்காகத்தான் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள் அவன் வாயைப் பொறுத்துக்கொண்டார்கள். "என் கை தப்பு பண்ணாது" என்பது அவன் ஊருக்குச் சொல்லும் பேச்சு. ஒரே ஒரு வண்டி விஷயத்தில் அது பொய். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அது வீரராகவன் சாரின் ஆஸ்டின் கார். சார் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை அதிகாரி. வண்டி அவருடைய அப்பா காலத்தது. அதைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன் இக்னேஷியஸ். துடைத்துத் துடைத்தே பாதிப் பெயின்டை எடுத்துவிட்டான் என்று அவனைக் கிண்டல் செய்வார்கள்.

எண்பத்து நாலு ஐப்பசியில், ஆயில் ஒழுகுகிறது என்று அந்த வண்டி ஷெட்டுக்கு வந்தது. கியர் பெட்டியின் மேல்மூடியைத் தூக்கும்போது ஒரு ஸ்பிரிங் துள்ளிப்போய் வாசல் சாக்கடையில் விழுந்தது. மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சாமான். ஆனால் அதுதான் ஓர் இரும்புக் குண்டைப் பள்ளத்தில் அழுத்தி, போட்ட கியரை நழுவாமல் பிடித்து வைப்பது. புதுப்பேட்டைக்குப் போனால் வேறு கிடைக்கும். ஊரெல்லாம் வெள்ளம். சாரோ மறுநாள் குடும்பத்தோடு திருப்பதி போக வேண்டும் என்று நின்றார். அப்பாவு ஒரு மொபெட் கார்புரேட்டரின் ஸ்பிரிங்கை எடுத்தான். குறட்டால் கடித்து அளவாக்கினான். போட்டு மூடினான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மாற்றவில்லை.

பத்தே நாளில் மூன்றாவது கியர் நழுவ ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், 'டொக்' என்று நியூட்ரலுக்கு வந்துவிடும். இக்னேஷியஸ் என்ன செய்வான்? இடது கையால் கியர் ராடைப் பிடித்துக்கொண்டே ஓட்டினான். சார் ஷெட்டுக்கு வந்து கேட்டார்.

"பொட்டில ஒண்ணும் இல்ல சார். டிரைவர் கைய கவனிங்க. கியர் மேலயே வெச்சிகினு ஓட்டினா எந்தப் பொட்டி தாங்கும்?"

ரிப்பேர் பார்த்த வண்டி திரும்பி வந்தால் பழியை டிரைவர் தலையில் போடுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். கையை வைத்தே ஓட்டினால் உள்ளே தேயும் என்பதும் நிஜம். அதனால்தான் அந்தப் பொய் நன்றாக எடுபட்டது. மறுநாள் சார் பின்சீட்டிலிருந்து பார்த்தார். கை கியர்மேல் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. பிடிப்பதால் நழுவுகிறதா, நழுவுவதால் பிடிக்கிறானா என்று கேட்க அங்கே ஆளில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே இக்னேஷியஸை நிறுத்திவிட்டார்கள். கியரை உடைத்த டிரைவர் என்ற பெயர் குவார்ட்டர்ஸ் பூராவும் பரவியது. அப்புறம் யார் சாவி கொடுப்பார்கள்?

அவன் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிக்கப் போனான். சிமென்ட், அரிசி மூட்டை, பீரோ என்று எது கிடைத்தாலும் ஏற்றினான். எதிரே வந்தால் அப்பாவு தலையைப் பானெட்டுக்குள் விட்டுக்கொள்வான். அப்படியும் ஒருநாள் மாட்டிக்கொண்டான்.

"இன்னா அண்ணாத்தே, என் வண்டிய ஒரு தபா பாக்கமாட்டியா?" என்று இக்னேஷியஸ் சிரித்தான். "இதுல கியரே கெடையாது. எவனும் நொட்ட சொல்ல முடியாது."

அன்றைக்கு அப்பாவு மத்தியானச் சோற்றைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனான்.

தொண்ணூற்றொன்றில் ஆஸ்டின் திரும்பி வந்தது. அதுவரை பெரும்பாலும் சும்மா கிடந்தது; எப்போதாவது எடுத்தபோது கியர் நழுவியதும் இக்னேஷியஸ் கணக்கிலேயே போயிற்று. சார் ரிட்டயராகி அண்ணனூரில் வீடு கட்டியிருந்தார். மகள் கல்யாண ஊர்வலம் அந்த வண்டியில்தான் போகவேண்டும் என்றார்.

அப்பாவு ஒன்றும் தெரியாதவன்போல முதலிலிருந்து பார்த்தான். இன்ஜினைத் தாங்கும் ரப்பரை ஆட்டிப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. ஆயிலை வடித்து வெயிலில் பிடித்தான். பித்தளைத் தூள் மின்னியது. வேறு ஏதாவது கோளாறாக இருக்கட்டும் என்று அந்த நிமிஷம்கூட வேண்டிக்கொண்டான். மூடியைத் திறந்தான். இரண்டு ஸ்பிரிங் தடியாக இருந்தன. மூன்றாவது நோஞ்சான். அதன் முனையில் குறட்டின் கடி அப்படியே இருந்தது. மூன்றாவது கியரைத் தள்ளும் பித்தளைக் கவை பாதி தேய்ந்திருந்தது.

அந்தச் சமயம் பார்த்து சார் வந்தார். "அந்த இக்னேஷியஸ் கை பண்ணின வேலைதானேப்பா?"

அப்பாவு வாயைத் திறந்தான். "ஆமா சார்" என்றுதான் வந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சொன்னது பயத்தில். இப்போது எதற்குச் சொன்னான்? சார் போன பிறகு ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கவையில் பித்தளை ஏற்றி, அரத்தால் ராவி, புதுப்பேட்டையிலிருந்து சரியான ஸ்பிரிங் கொண்டுவந்து போட்டான். மூன்றாம் நாள் ஆஸ்டினை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனான். மார்க்கெட் பக்கத்தில் இக்னேஷியஸ் தன் வண்டிமேல் படுத்திருந்தான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு மச்சான்."

"எதுக்கு? மறுபடியும் நான்தான் ஒடச்சேன்னு சொல்றதுக்கா?" என்றான். ஆனாலும் எழுந்து வந்தான். உட்காருவதற்கு முன் சீட்டைத் துண்டால் தட்டினான்.

அயனம்பாக்கம் ஏரிக்கரை இறக்கம் வந்தது. அவன் இடது கை தானாகக் கியருக்குப் போயிற்று.

"கைய எடு" என்றான் அப்பாவு.

"நழுவும்."

"எட்றான்னா!"

எடுத்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் எடுத்தான். வண்டி உறுமிக்கொண்டு இறங்கியது. கியர் அசையவில்லை. இக்னேஷியஸ் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினான். "இன்னா பண்ணே?"

அப்பாவு சட்டைப் பையிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினான். "மழையில ஒரிஜினல் பூடுச்சு. இத்த நான்தான் வெட்டிப் போட்டேன். பழிய உன் கைமேல போட்டேன்."

இக்னேஷியஸ் அதை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான். சுலபமாகப் படுத்துக்கொண்டது. ஏரியைப் பார்த்தபடி பேசினான்.

"நடுவுல ஒரு லாரிக்காரன் ஓட்டிக் காட்டச் சொன்னான். எடது கைய தொடை மேலயே வெச்சினு கீறேன். கியர தொடவே பயம். எறக்கி வுட்டுட்டான். நானே நம்பிட்டேன் அண்ணாத்தே, என் கைதான்னு." அப்புறம் சொன்னான்: "சகாயமேரியும் அப்டித்தான் நெனச்சிகினு கீறா. ஊட்டாண்ட வா. நீயே சொல்லு."

சகாயமேரி அவன் பெண்டாட்டி. மாதா கோயில் பின்னால் வீடு. அப்பாவு வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவனைத் திட்டுவாள் என்று பார்த்தான். அவள் புருஷனைத்தான் பார்த்தாள்.

"ஏழு வருசமா சோறு போடறப்பல்லாம் சொல்லிக் காட்டுவேனே. கைய வெச்சினு சும்மா இருக்க முடியலியான்னு."

அவள் அப்பாவு பக்கம் திரும்பினாள். "எங்களாண்ட சொல்லி இன்னா ஆவப்போதுண்ணா? பேரு எங்க போச்சோ அங்க போய் சொல்லு."

மூன்று பேரும் ஆஸ்டினிலேயே அண்ணனூர் போனார்கள். சகாயமேரி பின்சீட்டின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வாசலுக்கு வந்த சார், ஸ்டியரிங்கில் இருந்த ஆளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இவன் கையில ஏம்ப்பா குடுத்தே?"

"அவன் கைல ஒண்ணுமில்ல சார். இந்த ஸ்பிரிங்க வெட்டிப் போட்டது என் கைதான். ஆமான்னு சொன்னேனே, அது பொய். அன்னிக்குச் சொன்னதும் பொய்."

சார் ஸ்பிரிங்கை வாங்கிப் பார்த்தார். இக்னேஷியஸின் இடது கையைப் பார்த்தார். பின்சீட்டில் இருந்தவளையும் பார்த்தார். "நான் ஒரு தடவை அவனைக் கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் குவார்ட்டர்ஸ் வண்டி ஒன்றும் அப்பாவுவிடம் வரவில்லை. பழைய லாரி, ஷேர் டெம்போ என்று காலத்தை ஓட்டினான். 'என் கை தப்பு பண்ணாது' என்று யாரிடமும் சொல்வதில்லை.

கல்யாணத்தன்று ஆஸ்டினை ஓட்டியது இக்னேஷியஸ்தான். பூமாலையோடு வண்டி கரையான்சாவடி வழியே வந்தபோது அப்பாவு ரோட்டோரம் வந்து நின்றான். ஷெட்டுக்கு நேரே வண்டி வேகம் குறைந்தது. மூன்றாவது கியர். அப்பாவு காதைக் கொடுத்துக் கேட்டான். 'டொக்' வரவில்லை.

இக்னேஷியஸ் இந்தப் பக்கம் திரும்பவில்லை.