மேனேஜரோட சாப்பிடப் போன ஹோட்டலுங்க

எங்க கூனிமேட்ல துபாய்க்குப் போன ஆம்பளைங்க எல்லாருமே மேனேஜருங்கதான். கொறஞ்சா சூப்பர்வைசர். அங்க யாரு தரை தொடைக்கறா, யாரு மூட்டை தூக்கறான்னு இங்க யாரும் கேக்கறதில்ல, போனவங்களும் சொல்றதில்ல. பொண்ணு குடுக்கறவங்ககூட அதுக்கு மேல தோண்ட மாட்டாங்க. என் வூட்டுக்காரரும் பெரிய ஹோட்டல்ல மேனேஜர்னுதான் எனக்குக் கட்டி வெச்சாங்க. தெருவுல எங்க வூட்டுக்கு 'மேனேஜர் வூடு'ன்னே பேரு.

போன வருஷம் அவரு வேலை பாத்த ஹோட்டல மூடிட்டாங்க. ஊருக்கு வந்துட்டாரு. துபாய்லயே வேற எடத்துல கூப்பிடறாங்களாம், நோன்புக்கு முன்னாடி பதில் சொல்லணுமாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவுல வர்ற மனுஷனோட குடும்பம் நடத்தினவ நான். பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு. வூட்ல நானும் நாலு செவுரும்தான். இவரு இனிமே இங்கயே இருக்கணும்னு உள்ளுக்குள்ள அடிச்சுக்குது, ஆனா வாயத் தொறந்து கேக்க ரோஷம் விடல. அவராவே சொல்லட்டும்னு இருந்தேன்.

சும்மா உக்கார அவரால முடியல. ஞாயித்துக்கிழமையானா, "கெளம்பு, பாண்டியில போயி சாப்பிடலாம்"பாரு. உப்புக் காத்துல பஸ்ஸுக்கு நின்னு, முதலியார்சாவடி தாண்டிப் போயி எறங்குவோம். பாண்டியில இல்லாத நாட்டுச் சாப்பாடா? கறி ஹலாலான்னு கேப்போம், இல்லன்னா மீனு, அதுவும் இல்லன்னா காய்கறி. இத்தாலிக்காரன் கடையில பீட்சா அப்பளம் கணக்கா இருந்துச்சு. வியட்நாம் கடையில சூப்பு மேல பச்சப் பச்சையா எல. "ஆட்டுக்குப் போடற தழைய எனக்குப் போட்டிருக்கான்"னேன். ஆனா சூப்பு நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. பிரெஞ்சுக் கடையில தோசைக்குள்ள சாக்லேட்ட வெச்சு மடிச்சுக் குடுத்தான். தோசைக்கு வந்த சோதனையப் பாருன்னு நெனச்சுக்கிட்டே தின்னேன்.

இவரு மட்டும் ஒழுங்கா சாப்பிட மாட்டாரு. கண்ணு முழுக்க வேலை செய்யற பசங்க மேலதான். "வாய் வெக்கற எடத்துல வெரல வெச்சு கிளாஸத் தூக்கறான் பாரு", "டேபிள தொடைக்காம மெனு வெக்கறான் பாரு"ன்னு மொணகிட்டே இருப்பாரு. மேனேஜர் புத்தி எங்க போவும்னு நானும் விட்டுட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு கொரியாக்காரங்க கடைக்குப் போனோம். சின்னச் சின்னக் கிண்ணத்துல பத்து வகை ஊறுகா மாதிரி வெச்சு, நடுவுல மீனக் குடுத்தாங்க. அன்னிக்கு சரியான கூட்டம். சர்வ் பண்ற பசங்க யாரும் கண்ணுலயே படல. பக்கத்து டேபிள்ல ஒரு வெள்ளக்காரக் கெழவரும் அவரு சம்சாரமும் சாப்பிட்டு முடிச்சு, எச்சித் தட்டெல்லாம் முன்னாடியே கெடந்துச்சு. அந்தம்மா கையத் தூக்கிக் கூப்பிட்டாங்க.

என் வூட்டுக்காரரு எழுந்துட்டாரு. "யெஸ் மேடம்"னு போயி, எடது கையில முழங்கை வரைக்கும் தட்டுங்கள அடுக்கினாரு. வலது கையால ஜக்க எடுத்துத் தண்ணி ஊத்தினாரு, ஒரு சொட்டு சிந்தல. அப்படியே சமையக்கட்டுக்குள்ள போயிட்டாரு. வெறுங்கையோட திரும்பி வரும்போதுதான் என்னப் பாத்தாரு. மூஞ்சி செத்துப் போச்சு.

வந்து உக்காந்தாரு. நான் கேட்டேன், "எவ்ளோ வருஷமா?"

"துபாய் போன நாள்லேருந்தே."

"அப்ப மேனேஜருன்னது?"

"மேனேஜர் ஒருத்தர் இருந்தாரு. லெபனான்காரரு."

எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. தட்டு தூக்கினதுக்கு இல்ல. ஊருக்குப் போட்ட வேஷத்த கட்டின பொண்டாட்டிகிட்டயும் போட்டதுக்கு.

அதுக்குள்ள கடைக்கார கொரியாக்காரம்மா சிரிச்சுக்கிட்டே வந்து இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாங்க. இவரு தலைய ஆட்டி மறுத்துட்டாரு. அவங்க கல்லாவுக்குப் போயிட்டாங்க.

"என்னவாம்?"

"ஆள் இல்லாம கஷ்டப்படறாங்களாம். இங்க வேலைக்கு வர்றியான்னு கேக்கறாங்க."

"ஏன் வேணாம்னீங்க?"

"நம்ம ஊர்க்காரனுங்க பாண்டிக்கு வராமயா இருப்பானுங்க? நான் தட்டு தூக்கறத பாத்தா என்ன பேசுவானுங்க? துபாய்ல எவனும் பாக்க மாட்டான். அங்கயே வர்றேன்னு சொல்லிடப் போறேன்."

ஊரு கண்ணுல படக் கூடாதுன்னு நான் திரும்பவும் தனியா கெடக்கணுமாம். இதுக்கு மேல என்ன ரோஷம்? கேட்டுட்டேன்.

"போவாதீங்க. மேனேஜர் பொண்டாட்டியா இருந்து தனியா கெடந்தது போதும். ராத்திரிக்கு நீங்க வூட்டுக்கு வரணும், எனக்கு அவ்ளோதான் வேணும்."

"சம்பந்தி வூட்ல அசிங்கமா நெனப்பாங்களே."

"நெனச்சிக்கட்டும். நான் பேசிக்கறேன்."

நான் கைய ஆட்டி கல்லாவுல இருந்த கொரியாக்காரம்மாவக் கூப்பிட்டேன். எனக்கு இங்கிலீஷும் வராது, கொரியாவும் வராது. "இவரு நாளைலேருந்து வேலைக்கு வருவாரு"ன்னு தமிழ்லயே சொன்னேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. நான் என்ன சொல்றேன்னு அவர்கிட்ட கேட்டாங்க.

அவரு என்னப் பாத்தாரு. நான் கண்ண எடுக்கல. அப்புறம் நான் சொன்னத அப்படியே இங்கிலீஷ்ல அவங்களுக்குச் சொன்னாரு.