கறைபடாத மூக்குத்துணி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிவகாசிப் பக்கம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தேன். சிறு வயது முதலே எனக்கு இளைப்பு நோய் உண்டு. என் மனைவி ஆமத்தூர் அருகே ஒரு மிஷன் பள்ளியில் தையல் ஆசிரியை. ஞாயிறு பிற்பகல்களில் அந்தப் பள்ளியின் ஓர் அறையில் அவர் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துவார். நானும் உடன் போவேன்.

தையல் என்பது பெயருக்குத்தான். வந்தவர்கள் எல்லோரும் பட்டாசு ஆலை வேலையில் நெஞ்சு கெட்டுப்போனவர்கள். இளைப்பு என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டில் பெண் இருந்தால் வருகிற சம்பந்தமும் நின்றுவிடும். அதனால் ஊசியும் நூலுமாக வந்தார்கள்.

மூச்சு முட்டும்போது முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்வது, சூடான காப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடுவது என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் நான் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். மற்றதையெல்லாம் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஆலையில் அலுமினியப் பொடி சலிக்கும் அறையில் இருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. அந்த ஆலையில் தினமும் வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பார்கள். தின்றால் தூசி இறங்கிவிடுமாம்.

“கருப்பட்டி வயித்துக்குப் போகுது, தூசி நெஞ்சுக்குப் போகுது. ரெண்டும் எங்கன சந்திக்கும்?” என்று அக்கா கேட்டபோது அறையே சிரித்தது. சிரித்ததில் பாதிப்பேருக்கு இருமல் வந்தது.

தூசி உள்ளே போகாமல் தடுப்பதுதான் வழி என்று முடிவாயிற்று. பழைய வேட்டியை இரண்டாக மடித்து மூக்குத்துணிகள் தைத்தார்கள். கட்டுவதற்கு, பள்ளிச் சீருடையில் மிஞ்சிய நீல நாடாவை என் மனைவி கொடுத்தார். அன்றுதான் அது உண்மையான தையல் வகுப்பு.

மறுநாள் துணியை நனைத்துக் கட்டிக்கொண்டு அந்த ஆலைப் பெண்கள் வேலைக்கு உட்கார்ந்தார்கள். போர்மேன் வந்து பார்த்தார். “என்னங்கடி, கம்பெனியா ஆஸ்பத்திரியா இது? ஆர்டர் குடுக்க வர்ற ஆளுக பாத்தா என்ன நெனைப்பாக?” என்று கேட்டு, எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்லி ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுபோய்விட்டார். அடுத்த ஞாயிறன்று அக்கா இதைச் சொன்னார். அதற்குள் அவருக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் போயிருந்தது.

தீபாவளி சீசனுக்கு முன்னால் அந்த ஆலையைப் பார்வையிட ஓர் அரசாங்க அதிகாரி வந்தார். செய்தியாளன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். சலிக்கும் அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். எல்லார் முகத்திலும் நீல நாடா வைத்த துணி. எல்லாம் காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தன. அந்த அறையில் ஒரு மணி நேரம் கட்டியிருந்தால் எந்தத் துணியும் சாம்பல் நிறமாகிவிடும்.

அதிகாரி மகிழ்ந்துபோய் அக்காவிடம், “தினமும் கட்டுவீங்களாம்மா?” என்று கேட்டார். போர்மேன் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவசரப்படவில்லை. ஒரு மூச்சை மெதுவாக விட்டுவிட்டுச் சொன்னார்: “ஐயா தினமும் வந்தீகன்னா, தினமும் கட்டுவோம்.”

அதிகாரி சிரித்தார். போர்மேன் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். அதிகாரி வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். கார் வாசலைத் தாண்டும் முன்பே சாக்கு திரும்ப வந்தது. துணிகள் ஒவ்வொன்றாக அதற்குள் விழுவதைப் பார்த்தேன்.

பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். வெளியானது ஒரு புகைப்படமும், தொழிலாளர் நலனில் ஆலை காட்டும் அக்கறையைப் பாராட்டும் இரண்டு வரியும்தான். சாக்கு பற்றி ஒரு சொல் இல்லை. அதே பக்கத்தின் கீழே அந்த ஆலையின் தீபாவளி விளம்பரம் இருந்தது.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசலிலேயே எல்லோர் முன்னாலும் சொன்ன காரணம், “இளைப்புக்காரிக்கு இங்க வேலை கிடையாது.” அந்த இளைப்பைக் கொடுத்ததே அந்த அறைதான்.

ஞாயிறன்று அக்கா வழக்கம்போல் வந்தார். கையில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. “எனக்கு இனிமே ஒளிக்க என்ன இருக்கு? ஊருக்கே தெரிஞ்சிருச்சு. நீங்க தச்சுக்கிட்டே இருங்க, நான் போயி ஆள் கூட்டிட்டு வாரேன்” என்றார். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று, உதட்டைக் குவித்து ஊதிவிட்டு, பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் போனார். அடுத்த வாரம் அறை போதாமல் வராந்தாவிலும் பாய் விரிக்க வேண்டியிருந்தது.

முகத்தில் வெண்மையான துணி கட்டிய தொழிலாளர் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம், நேற்று அந்தத் துணி எங்கே இருந்தது என்றுதான் இன்றும் நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.