மழையில் தூங்கினேன்

போன வாரம் ஒரு நாள் மத்தியானச் சோறு தின்றுவிட்டு, கொட்டுகிற மழையில் படுத்துத் தூங்கினேன்.

இதில் என்ன பெருமை என்று கேட்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் மலைச்சரிவுக்குக் கீழே குடியிருக்கும் ஆளில்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஒற்றை அறைகளாக வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை. மலையில் ஒரு வெடிப்பு. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், அளந்தார்கள். ‘பலத்த மழை பெய்தால் வெளியேறவும்’ என்று சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று அந்தத் தாளில் இல்லை. கூரைத் தகரத்தில் மழை சத்தம் போட ஆரம்பித்ததும் லயத்தில் எல்லாக் காம்பராவிலும் பேச்சு நின்றுவிடும். அடுப்பை அணைப்போம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் போட்டு வைத்த பையைத் தூக்கிக்கொண்டு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நடப்போம். மழை விட்டதும் திரும்பி வருவோம். மறுபடி மழை... மறுபடி பை.

இதுதான் எங்கள் டிசம்பர் லீவு.

எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கம் ஹோட்டல் எடுத்துத் தங்குகிற கொழும்புக்காரர்கள் ‘மழை, மலை, சூடான டீ’ என்று போட்டோ போடுகிறார்கள். அதே மழை. அதே மலை. டீயும் நாங்கள் பறித்ததுதான். பார்க்கப் பார்க்க எனக்கு எரிகிறது. மறைக்க என்ன இருக்கிறது?

அதனால் இந்தத் தடவை பதுளை டவுனில் இருக்கும் என் தையல் கடையை நத்தார்ப் பண்டிகையோடு பூட்டினேன். பூனாகலைப் பக்கம், பெரியம்மா மகள் சரோஜா அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன். போன வாரம் பேப்பரில் இந்தப் பத்தி வராததற்கு அதுதான் காரணம். தேடியவர்களுக்கு நன்றி. தேடாதவர்களை நான் கவனித்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் வரவில்லை. “லயத்துல ஆள் இருக்கணும். நீ போயிட்டு வா” என்றார்.

அக்கா இருப்பது தனி வீடு. மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதே, அதில் தப்பியவர்களுக்குக் கட்டிக் கொடுத்தது. மலை சரிந்த அன்று காலை அக்கா கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். அவள் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். அவருக்குச் செய்த காரியத்தில் அழுதவள்தான் நான். தெரிந்தும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

நான்கு பக்கமும் சொந்தச் சுவர். அடுத்த காம்பராக்காரர் இருமுவது காதில் விழாது. சமைக்கிற குசினிக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். பின்னால் கொய்யா மரம். எல்லாவற்றையும்விட, தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு நிற்கிற மலை இல்லை. அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து வீட்டைச் சுற்றி வந்தேன். ஏதாவது குறை இருக்காதா என்று. ஒரு மூலையில் சுவர் வெடித்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. கிட்டப் போய்ச் சுரண்டிப் பார்த்தால் மேல்பூச்சு மட்டும்தான்.

மூன்றாம் நாள்தான் அந்த மழை. முதல் சத்தத்திலேயே என் கை பையைத் தேடியது. பிறகு நினைவு வந்தது... இங்கே ஓட வேண்டியதில்லை. படுத்தேன். இத்தனை வருஷத்துத் தூக்கத்தையும் மொத்தமாகத் தூங்கினேன். மழைச் சத்தம் இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எழுந்தபோது தூறல். அக்கா பிளேன்டீ கொண்டு வந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்:

“ஒனக்கென்னக்கா, அதிர்ஷ்டசாலி. எவ்வளவு மழ பேஞ்சாலும் நிம்மதியாத் தூங்கலாம்.”

அக்கா என்னை நன்றாகப் பார்த்தாள்.

“நான் தூங்குனத நீ பாத்தியா?”

“இல்ல...”

“எப்பிடிப் பாப்ப? நீதான் கொறட்ட விட்டுக்கிட்டு இருந்தியே. நான் வாசல்ல ஒக்காந்திருந்தேன். மழ வந்தா நான் படுக்கிறதில்லடி. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இல்ல.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“வீடு வேணும்னா எடுத்துக்க,” என்றாள். “அந்தக் காலையையும் சேத்து எடுத்துக்க.”

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு வேண்டுமா என்று கேட்கிற குரல். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வெட்கப்பட்டேனா? பட்டேன். பொறாமை போய்விட்டதா? உண்மையைச் சொல்கிறேனே, போகவில்லை. அவள் தூங்காமல் இருக்கிறாள், சரி. ஆனால் உட்கார்ந்திருப்பது மண்ணுக்கு மேலே.

அக்காவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் அவளே பேச்செடுத்தாள்.

“மழக்காலம் முடியிற வரைக்கும் இங்கயே இரு. மாப்பிள்ளையையும் வரச் சொல்லு. மூணு பேருக்கு எடம் பத்தாதா?”

உடனே போன் போட்டேன். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

“ஏங்க, கதவப் பூட்டிட்டுக் கெளம்பி வாங்க. அக்கா இருக்கச் சொல்லுது.”

“லயத்த விட்டுட்டா? என்னா பேச்சுப் பேசுற? நாளைக்கி வேற எடத்துல வீடு குடுக்க ஆள் எண்ண வருவாங்க. நாம இல்லேன்னா, நீங்கதான் இங்க குடியில்லையேம்பாங்க. அப்பறம் அந்த வீடும் இல்ல, இந்தக் காம்பராவும் இல்ல.”

“மல விழுந்தா?”

“விழுந்தாப் பாத்துக்கலாம்.”

“விழுந்தப்பறம் யாருங்க பாக்குறது?”

அக்கா போன் பக்கம் குனிந்தாள்.

“நாங்களும் இப்பிடித்தான் மாப்பிள்ள பேசிக்கிட்டு இருந்தோம்,” என்றாள். எழுந்து குசினிக்குப் போய்விட்டாள்.

அவருக்குப் பைத்தியம் என்று நினைக்கிறீர்களா? எங்கள் தோட்டத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே பதில்தான் வரும். மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத்தான் வீடு. அதனால், வீடு கிடைக்கும் வரை மலைக்குக் கீழேயே இருக்க வேண்டும். தப்பித்து ஓடியவன் பெயர் பட்டியலில் விட்டுப்போகும். மிதிபலகையில் தொங்கினாலும் பஸ்ஸில் இடம் பிடித்தவன் இறங்க மாட்டான் இல்லையா, அப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறோம். இப்படி ஒரு கணக்கை மனுஷர்களுக்குப் பழக்கிவிட்டவர்கள் லீவுக்கு எங்கே போய்ப் படுத்துத் தூங்குகிறார்களோ தெரியவில்லை.

நான் திரும்பி வந்துவிட்டேன். அவரைத் தனியே விட்டுவிட்டு அங்கே எனக்கு என்ன தூக்கம் வேண்டிக்கிடக்கிறது? பஸ் ஏற்றிவிடும்போது அக்கா ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்தாள். வழி நெடுக அதையும் பொறாமையோடுதான் தின்றேன்.

இதை எழுதுவது பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து. மத்தியானத்திலிருந்து மழை. லயமே இங்கேதான் இருக்கிறது. அடுத்த பெஞ்சில் என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். அவரைப் பார்த்தாலும் எரிகிறது. லீவு முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டால், இந்த பெஞ்சும் கிடையாது. பிறகு எங்கே போவது என்று கேட்கலாம் என்றால், கேட்க வேண்டிய ஆளும் லீவில்.

புது வருஷத்துக்கு எல்லோரும் ஏதேதோ ஆசைப்படுகிறீர்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான்.

யாரும் சாகாமல் கிடைத்த ஒரு வீட்டைப் பார்த்து நான் பொறாமைப்பட வேண்டும்.