மொய்தீன் பாயும் கதிர் செல்லும்

நோய் இன்னதென்று கண்டுபிடித்துச் சொல்லும் எங்கள் பத்தாலஜித் தொழிலில் நோயாளியின் முகம் தெரியாது. மிளகளவு சதைத் துண்டுதான் தெரியும். கெடுபிடியான மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்பட்டவர்களே, என்னையும் உங்கள் ஜமாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மயிலாப்பூர் லாபரட்டரி ஒன்றில் டாக்டர் வேதாந்தத்துக்கு உதவியாளனாக இருந்தவன் நான்.

கவிழ்த்து வைத்த சீட்டு

சதைத் துண்டோடு சர்ஜன் தன் சந்தேகத்தையும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புவார். டாக்டர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பார். எனக்கும் அதே சட்டம். எட்டிப் பார்த்தால் தொலைந்தேன். ஒருநாள் நேரில் வந்த சர்ஜன் ஒருவர் இதைப் பார்த்து முகம் சிவந்துவிட்டார். டாக்டர் அசரவில்லை.

"உங்க அபிப்பிராயத்துல எனக்கு அவ்வளவு மதிப்பு சார். முதல்ல படிச்சுட்டா அதேதான் கண்ணுக்குத் தெரியும்."

தண்டு இருக்கிறதா?

அதே சர்ஜன் அனுப்பியதுதான் மொய்தீன் பாயின் துண்டு. பாய் கல்யாண வீடுகளில் பிரியாணி சமைப்பவர். உணவுக்குழாயில் கட்டி, கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கியது. நெஞ்சைத் திறந்து பயனில்லை, வயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாயில் ஆகாரம் ஊற்றலாம் என்பது சர்ஜனின் எண்ணம்.

அந்த இடத்துப் புற்றுநோயில் தட்டையான செல்கள்தான் வழக்கம். இதிலோ இரண்டு முனையும் கூர்ந்து, நூல் நூற்கும் கதிர் போல நீண்ட செல்கள். டாக்டர் திருப்திப்படவில்லை. துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் சீவு, இன்னும் சீவு என்றார். எனக்குக் கை ஓய்ந்தது. மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கடைசியில் ஒரு ஓரத்தில் தட்டைச் செல் கூட்டமும் அகப்பட்டது. இரண்டும் கலந்த அபூர்வ வகை! உடனே சர்ஜனுக்கு டெலிபோன் போட்டு, கட்டி தண்டு வைத்துத் தொங்குகிறதா என்று கேட்டார். ஆமாம் என்று பதில் வந்தது.

"அப்போ ஆழமாப் பரவாம இருக்கலாம் சார். வெட்டி எடுக்க முடியுமான்னு இன்னொரு தரம் யோசியுங்கோ."

பாயின் கேள்வி

சர்ஜன் சம்மதித்தார், பாய் சம்மதிக்க வேண்டுமே! நோயின் பெயரை வீட்டாரிடம் சொல்லி, நோயாளியிடம் மறைப்பதுதான் அப்போது வழக்கம். ஆனால் பாயே எங்கள் லாபரட்டரி வாசலில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கிவிட்டார். "வூட்ல அல்லாரும் அழுவுறாங்க, இன்னான்னு சொல்ல மாட்றாங்க. ஆபரேசன் பண்ணா பொழைப்பனா சார்?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "புத்துநோய்தான். ஆனா ரொம்ப அபூர்வமான ரகம். மத்ததைவிட இது கொஞ்சம் சாதுன்னு சிலர் எழுதியிருக்கா. நான் பார்த்ததில்லை. பொழைப்பேளான்னு எனக்குத் தெரியாது. முயற்சி பண்ணலாம், அது தெரியும்."

எத்தனை படித்தால் அந்தத் 'தெரியாது' வரும் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெர்லன்னு சொன்ன மொத டாக்டர் நீங்கதான் சார். படுத்துக்கறேன், வெட்டச் சொல்லுங்க."

காய்கறி பிரியாணி

பாய் பிழைத்தார், அந்த சர்ஜனின் கைக்கும் ஒரு கும்பிடு. மறு வருஷம், அரிசி ரேஷனில் கிடைத்த அந்த நாளில், எங்கள் டாக்டருக்கென்றே புதுப் பாத்திரத்தில் காய்கறி பிரியாணி செய்து எடுத்து வந்தார். டாக்டர் தொடவில்லை. பாயை வராந்தாவில் உட்காரவைத்து, முதல் தட்டை அவரிடமே நீட்டினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பாயின் தொண்டையையே பார்த்தார். சோறு, கேரட், பட்டாணி எல்லாம் தடையில்லாமல் இறங்கின. பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா சார், சதைத் துண்டைப் பாக்குற மாரியே பாக்குறீங்க? முழு ஆளா வந்துகீறேன் சார்!"

எத்தனையோ ரிசல்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து இரண்டாவது தட்டு கேட்ட ரிசல்ட் அது ஒன்றுதான்.