விராலிமலையில் ஒரு பகல் தூக்கம்

கனடாவிலிருந்து திருச்சிக்கு மூன்று விமானம் மாற வேண்டும். இடுப்பில் டிஸ்க் கோளாறு உள்ள எனக்கு அது பயணமில்லை, தண்டனை. கடைசி விமானம் ஏறுவதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் செய்தேன். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் தம்பி குடும்பத்தோடு இருந்தார்.

"நேரா இங்கிட்டு வராத ஆத்தா. ஊரே கூடிரும், ஒன்னைய ஒக்காரக்கூட விடாது. ஒன் பிரெண்டு வீட்டுல நல்லாத் தூங்கி எந்திரிச்சு நாளைக்கு வா" என்றார்.

நான்கு வருடமாகப் பார்க்காத மகளிடம் அதைச் சொல்ல அவருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. நானும் சரி என்றேன். இத்தனைக்கும் அவரைப் பார்ப்பதற்காக மட்டும்தான் கிளம்பி வந்திருந்தேன்.

தோழி என்னோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். கல்யாணமாகி விராலிமலையில் குடியிருக்கிறாள். அவளும் அவள் கணவரும் காலையில் விமான நிலையத்துக்கே வந்து என்னை அழைத்துப் போனார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போதே நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் வந்தது. விமானச் சாப்பாட்டில் செத்துப்போயிருந்த நாக்குக்கு உயிர் வந்தது. குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால் இலையில் சாம்பார், ரசம், கத்தரிக்காய்க் கூட்டு.

"என்னடி, கோழி பறந்துபோயிருச்சா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு நான் விரதம்டி. மறந்துபோயி வச்சிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பயணக் களைப்பில் நான் அதைக் கவனித்தேனா இல்லையா என்று இப்போது சொல்ல முடியவில்லை. இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க, இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினாள்.

என் கனடா நம்பர் இங்கே வேலை செய்யாது. வந்து சேர்ந்ததை அப்பாவிடம் சொல்லலாம் என்று வைஃபை கேட்டேன்.

"லைன்ல கோளாறுடி, காலையிலேருந்தே நெட் இல்ல. நான் ஒன் தம்பிக்குப் பேசிட்டேன். நீ படு."

ஏசி போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். படுத்தது தெரியும். அப்படியொரு தூக்கம்.

எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கையில் காப்பியைக் கொடுத்து, "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். ஒரு எட்டு பார்த்துட்டு வந்துருவோம்" என்றாள். எங்கள் பக்கத்தில் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இப்படித்தான் சொல்வார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் அவர் இருப்பார் என்று நினைத்தேன்.

புதுக்கோட்டை வந்ததும் அவள் கணவர் காரை நிறுத்தி, இறங்கிப் போய் ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கிவந்து முன்சீட்டில் வைத்தார்.

அப்போதுதான் அவள் அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். நான் குளித்துக்கொண்டிருந்தபோது தம்பி அவளுக்குப் போன் செய்திருக்கிறான். விடிகாலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார், பக்குவமாகச் சொல்லிக் கூட்டிவாருங்கள் என்று. "சொன்னா நீ பச்சத் தண்ணி குடிக்க மாட்ட. ரெண்டு நாளா தூங்காதவ. ஒரு வாய் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கண்ணசந்து எந்திரிக்கட்டும்னு நெனச்சோம். எப்படியும் நாளைக்குத்தானடி எடுப்பாங்க." சொந்தக்கார வாட்ஸப் குரூப்பில் நான் பார்த்துவிடக் கூடாது என்று மோடத்தை அணைத்ததும் அவள்தான்.

துக்கம் விழுந்தவளுக்குக் கறி போடக் கூடாது என்று தெரிந்து குழம்பைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். எடுக்கும்வரை செத்தவரின் பிள்ளை வாயில் பருக்கை படக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியாதா? அப்பா ஐஸ் பெட்டியில் கிடக்க, நான் ரசத்துக்கு உப்புச் சரியாக இருக்கிறதென்று பாராட்டியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது வாசல் கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி மொட்டைத் தலையோடு சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தான்.

கனடாவிலிருந்து வரும் மகளுக்காக மறுநாள் வரை வைத்திருப்பார்கள் என்று என் தோழி நினைத்திருக்கிறாள். விராலிமலையில் இருக்கும் மகள் இதோ வந்துவிடுவாள் என்று இவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். தம்பி மறுபடியும் மறுபடியும் போன் செய்ததற்கு, "தூங்குறா, எந்திரிச்சதும் கூட்டிட்டு வாரோம்" என்றே பதில் போயிருக்கிறது. இன்றைக்கே எடுக்கிறோம் என்று அவனுக்கும் சொல்லத் தோன்றவில்லை, எப்போது என்று இவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும், மறுநாள் நாள் சரியில்லை என்று பெரியவர்கள் நெருக்க, மகள் போட வேண்டிய வாய்க்கரிசியை அத்தை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

"அப்பா செத்துக் கெடக்கையில ஒனக்கு எப்படிக்கா தூக்கம் வந்துச்சு?" என்று தம்பி கேட்டான். ஊர் முழுக்க அவனோடு சேர்ந்து என்னைப் பார்த்தது. எனக்குத் தெரியாது என்றேன். ஒரு பகல் முழுக்கத் தெரியாமல் இருந்தேன் என்பதை யார் நம்புவார்கள்? இன்றுவரை ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தப் பார்வை என்னைத் தேடி வருகிறது.

மாலை காரிலேயே கிடந்தது. அதைப் போட ஆளில்லை.

தோழி இப்போதும் பேசுகிறாள். நல்லதுதானே நினைத்தேன் என்பாள். நினைத்தாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளை மன்னிக்க எனக்கு வரவில்லை. திருச்சியில் இறங்கினால் லாட்ஜில் தங்கிவிடுகிறேன். அங்கே திரையை இழுத்துவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு விடியும்வரை விழித்துக் கிடக்கிறேன். நல்லாத் தூங்கி எந்திரிச்சு வா என்று அப்பா சொன்னார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அது. அன்றைக்கு அதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.