பதினெட்டாம் நம்பர் நின்ற பிறகு

அந்த டிப்போவில் நூற்றுப்பத்து ஓட்டுநர்கள். அவர்களில் பெண் ஒருவர்தான். டிரைவரம்மா என்றால் மேலாளரிலிருந்து டயர் மாற்றுகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், “இந்தக் கைக்கு ஸ்டியரிங் திரும்புமா?” என்று கேலி பேசியவர்கள் உண்டு. பத்தொன்பது வருடத்தில் அவர் ஓட்டிய வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று ஆனபிறகு அவர்கள் வாயே திறக்கவில்லை.

மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கணவர் இறந்துபோனார். அதன்பிறகு வீடும் வண்டியும்தான் அவருடைய உலகம். அந்த வண்டி பதினெட்டாம் நம்பர். ஊருக்கு நடுவிலிருந்து கிளம்பி, பெரிய சாலையை விட்டுப் பிரிந்து, மூன்று கிலோமீட்டர் மேடு ஏறி, குன்றின்மேல் இருக்கும் கல்லூரி வாசலில் போய் நிற்கும். மேட்டில் வீடு கிடையாது, கடை கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மழைநீர் ஓடும் திறந்த கால்வாய். நடப்பதற்கென்று ஓரம்கூட விடாத சாலை.

ஆரம்பத்தில் அந்தப் பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாது. படிக்கட்டில் தொங்குகிறவர்களைத் திட்டித் திட்டியே டிரைவரம்மாவுக்குத் தொண்டை கட்டிவிடும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டம் கரைந்தது. கல்லூரி தன் விளையாட்டு மைதானத்தில் பாதியைச் சமப்படுத்திக் கார் நிறுத்துமிடம் ஆக்கியது. ஒரு கார் வாங்கினால் நான்கு பேர் அதில் ஏறிக்கொண்டார்கள். கூட வரும் நடத்துநருக்குச் சில்லறை என்று பட்டப்பெயர். யார் கேட்டாலும் அவரிடம் இல்லாதது அது ஒன்றுதான். அவர் காலி இருக்கைகளைப் பார்த்துச் சொல்வார்: “அம்மா, நாம ஆள ஏத்தல. காத்த ஏத்திக்கிட்டுப் போய் மேல எறக்கிட்டு வர்றோம்.”

டிரைவரம்மாவின் மகனும் அதே கல்லூரியில்தான் இரண்டாம் ஆண்டு படித்தான். ஆனால் அம்மாவின் பஸ்ஸில் ஏறமாட்டான். தெருமுனையில் நண்பனின் வெள்ளைக் காருக்குக் காத்திருப்பான்.

“நீ ஓட்டுற பஸ்ல வந்து நான் எறங்குனா பசங்க ஓட்டுவாங்கம்மா.”

“பஸ்ஸையும் ஓட்டணும், உன்னையும் ஓட்டணுமா? போ, போ.” சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்த வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ்ஸைத் தாண்டும்போது அவர் கண் ஒரு கணம் தழையும்.

காலை ஏழரை டிரிப்பில் தவறாமல் ஏறுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். அதில் ஒருத்தி தாவரவியல் படிக்கும் பெண். படிக்கு எதிரே உள்ள ஒற்றை இருக்கைதான் அவளுக்கு வேண்டும். அங்கிருந்து பார்த்தால் டிரைவரம்மாவின் கையும் காலும் தெரியும்.

“எப்ப கியர் மாத்தணும்னு எப்படித் தெரியுது?” என்று ஒருநாள் கேட்டாள்.

“வண்டியே சொல்லும். முடியலன்னா முனகும்ல?”

“எனக்கும் ஓட்டக் கத்துக்கணும்னு ஆசைதான்.”

“கத்துக்கோயேன். யாரு வேணாங்குறா?”

அவள் சிரித்துவிட்டு வெளியே பார்த்தாள். ஏன் அப்படிச் சிரித்தாள் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மேட்டின் இரண்டாவது வளைவில், கண்ணாடியில் அவள் கை வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்த்து டிரைவரம்மா வண்டியை ஓரங்கட்டினார். பெண் இருக்கையிலிருந்து சரிந்துகொண்டிருந்தாள். “பல்லுக்கு நடுவுல எதையாவது வைங்க” என்று ஒருவர் கத்தினார்.

“ஒண்ணும் வைக்கக்கூடாது. எல்லாரும் தள்ளி நில்லுங்க.” டிப்போவில் கொடுத்த முதலுதவிப் பயிற்சி அன்றுதான் கைகொடுத்தது. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தன் சால்வையை மடித்துத் தலைக்குக் கொடுத்தார். மூன்று நிமிடத்தில் உடம்பு தளர்ந்தது. அன்று சனிக்கிழமை, பஸ்ஸில் அவளைத் தவிர இருந்தது நான்கே பேர், அவர்களும் கல்லூரியைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவர்கள். வாயைத் துடைத்துவிட்டபோது அந்தப் பெண் முதலில் கேட்டது, “காலேஜ் பசங்க யாராச்சும் பாத்தாங்களா?”

மறுநாள் நிறுத்தத்தில் அவளோடு அவள் தாயும் நின்றார். தையல் தொழிற்சாலையில் வேலை. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓடிவந்திருந்தார்.

“உங்க காலத் தொட்டுக் கேக்குறேன். இது வெளிய போகக்கூடாது. ஸ்கூல்ல ஒருதடவ எல்லார் முன்னாடியும் வந்துருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இவ பக்கத்துல ஒருத்தியும் உக்காரல. இங்கதான் இவளுக்கு நாலு சிநேகிதி இருக்கு.”

“என் வாயிலருந்து வராதும்மா.”

“மாத்திரை போட்டா அடங்கும். தூக்கம் கெடக்கூடாது, வெயில்ல அலையக்கூடாது. வண்டி மட்டும் ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. உங்க பஸ் இருக்குற தைரியத்துலதான் இவ்வளவு தூரம் அனுப்புறேன்.”

அடுத்த கோடையில் அந்தத் தைரியத்துக்கு ஆபத்து வந்தது. பதினெட்டாம் நம்பரை நிறுத்தலாமா என்று பேச, கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். போக்குவரத்து மேலாளர், கல்லூரி நிர்வாக அலுவலர், மாணவர் தலைவர் மூவரும் மேடையில். ஓட்டுநர் என்ற முறையில் டிரைவரம்மாவையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

மாணவர் தலைவன் நன்றாகவே பேசினான். “இப்ப யார்கிட்ட கார் இல்ல? இல்லாதவங்களும் கூடப் படிக்கிறவங்க கார்ல வந்துடுறாங்க. பஸ் திரும்புறதுக்கு விட்டிருக்குற எடத்துல இன்னும் நாப்பது கார் நிறுத்தலாம்.” கைதட்டல் எழுந்தது.

நிர்வாக அலுவலர் கெட்டவர் அல்ல. டிரைவரம்மாவைப் பார்த்துக் கேட்டார்: “நீங்கதான் தினமும் பாக்குறீங்க. இந்தப் பஸ் இல்லாம முடியவே முடியாதுன்னு யாராச்சும் இருக்காங்களா?”

டிரைவரம்மா எழுந்தார். “இருக்காங்க சார்.”

“யாரு? ஒருத்தரச் சொல்லுங்க. ஒருத்தர் இருந்தாக்கூட யோசிக்கலாம்.”

நான்காவது வரிசையில் சிநேகிதிகளுக்கு நடுவே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். டிரைவரம்மா திரும்பியபோது அவள் தலை இலேசாக, இலேசாகத்தான், இடம்வலமாக அசைந்தது. கண் கெஞ்சியது.

“பொதுவாச் சொன்னேன் சார்.”

“பொதுவான ஆளுக்கெல்லாம் பஸ் விட முடியாதேம்மா.”

அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களில் தன் மகனும் இருந்தானா என்று டிரைவரம்மா பார்க்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார். ஆனால் நெஞ்சில் முள் தைத்தது போல் ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

மாதக் கடைசியில் பதினெட்டு நின்றது. அவரையும் சில்லறையையும் சந்தைத் தடத்துக்கு மாற்றினார்கள். அங்கே மூச்சுவிட நேரமில்லாத கூட்டம். சில்லறைக்கு ஏக சந்தோஷம்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காலை, விடிந்தும் விடியாத நேரத்தில், பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தார் டிரைவரம்மா. முகம் வாடியிருந்தது.

“இந்நேரத்துக்கே கெளம்பிட்டியா?”

“முதல் பஸ்ஸ விட்டா பெரிய ரோட்டுல எறங்கி மேல நடக்குறதுக்குள்ள வகுப்பு ஆரம்பிச்சிடுது. நாலே முக்காலுக்கே எந்திரிக்கிறேன்.”

“தூக்கம் கெடக்கூடாதுன்னு சொன்னாங்களே. யாரையாச்சும் கார்ல ஏத்திக்கச் சொல்லலாம்ல?”

“கேட்டா ஏத்திப்பாங்க. நல்லவங்கதான்.” பெண் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஆனா தினமும் கேக்கணுமே.”

அவளுடைய பஸ் வந்துவிட்டது. இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று டிரைவரம்மா நினைத்தார். அந்த வாரமே அவள் தாயைப் பார்த்துப் பேச வேண்டும் என்றும் நினைத்தார். வாரவிடுமுறையில் வீட்டில் துணி குவிந்துகிடந்தது, மகனுக்குக் காய்ச்சல். நாள் தள்ளிப்போனது.

பதினோரு நாள் கழித்து, மதிய இடைவேளையில், சில்லறை சாப்பாட்டைத் திறக்காமல் வந்து நின்றார். டிரைவரம்மா தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்தார்.

“அந்த முன்சீட்டுப் பொண்ணும்மா... மேட்டு ரோட்டுல...”

அன்று முதல் பஸ் வெகு தாமதம், எட்டு மணிக்குத்தான் மேட்டில் நடக்கத் தொடங்கியிருக்கிறாள், வழியில் வலிப்பு வந்திருக்கிறது. பையைச் சாலையில் போட்டுவிட்டுக் கால்வாய்க்குள் விழுந்திருக்கிறாள். முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. குப்புற விழுந்தவளைப் புரட்டிப்போட ஓர் ஆள் இல்லாமல் போனதுதான். எட்டு மணியிலிருந்து எட்டரைக்குள் அந்தச் சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் மேலே போயிருக்கும். கடைசியில் ஒரு பேராசிரியரின் கார்தான் நின்றது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டிரைவரம்மா அன்று மதியத்துக்குமேல் வண்டி எடுக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, “இன்னைக்கு என்னால முடியாது” என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மகன் அவருக்கு முன்பே வந்திருந்தான். சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஈரச் சட்டையை மாற்றவில்லை.

“என்னடா? மறுபடியும் காய்ச்சலா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான். “அம்மா, அந்தப் பைய நான் பாத்தேன்” என்றான்.

டிரைவரம்மாவுக்குப் புரியவில்லை. “எந்தப் பைடா?”

“ரோட்டுல கெடந்துச்சு. பச்சைப் பை. ‘எவனோ பையப் போட்டுட்டுப் போயிருக்கான் பாரு’ன்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம். வண்டிய வளைச்சு ஓட்டுனான். அவ்வளவுதாம்மா. அரை நிமிஷம்கூட இல்ல. நிறுத்தச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா.”

எந்த வாயால் திட்டுவது? மகன் அருகில் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். மீசை முளைத்த பிள்ளை, மூன்றாம் வகுப்பில் அப்பாவைக் கொண்டுபோன அன்று அழுதது போல அழுதான்.

மறுநாள் காலை இருவருமாக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். தையல் இயந்திரத்தின்மேல் துணி மூடிக் கிடந்தது. தாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்து, அழுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத முகம். கூட்டத்தில் நடந்ததை டிரைவரம்மா ஒன்று விடாமல் சொன்னார். அலுவலர் கேட்டது, தான் எழுந்தது, வாய் வரை வந்ததை விழுங்கியது.

“நான்தானே சொல்லாதீங்கன்னேன்” என்றார் தாய். பிறகு: “நீங்க சொல்லியிருந்தா நான் உங்கள சும்மா விட்டிருக்கமாட்டேன். வீடு தேடி வந்து திட்டியிருப்பேன். இவளும் என் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்திருப்பா.”

மகன் தான் சொல்ல வந்ததைச் சொல்ல வாயெடுத்தான். டிரைவரம்மா தடுக்கவில்லை. தாய் முழுவதையும் கேட்டார். அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “போயிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைவிடக் கடுமையான சொல் வேறு இருந்திருக்க முடியாது.

கல்லூரி ஒரே வாரத்தில் கால்வாயைச் சிமென்ட் பலகையால் மூடிவிட்டது. பஸ் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. தாயின் சம்மதத்தோடு டிரைவரம்மா எல்லாவற்றையும் எழுதி, நிர்வாக அலுவலரிடமும் மேலாளரிடமும் கொடுத்தார். அலுவலர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். “அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்தவர், டிரைவரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “நாங்க கேட்ட விதமும் சரியில்லம்மா. நூறு பேர் முன்னாடி எவ எந்திரிச்சுச் சொல்லுவா?”

மகன் மறுபடி அந்த வெள்ளைக் காரில் ஏறவில்லை. மூன்று வாரம் கல்லூரிக்கே போகவில்லை. பிறகு பெரிய சாலையில் இறங்கி நடந்தே மேலே போனான். ஏறிக்கொள்ளச் சொல்லி நண்பர்கள் வண்டியை நிறுத்தினால் கையசைத்து அனுப்பிவிடுவான். முன்பு வாய் ஓயாத பிள்ளை வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். அது திரும்பி வரும் என்று டிரைவரம்மா காத்திருந்தார். முழுதாக வரவில்லை.

நான்கு மாதம் கழித்துப் பதினெட்டாம் நம்பர் மறுபடி ஓடியது, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டே டிரிப்பாக. வேறு ஆளைப் போடுங்கள் என்று டிரைவரம்மா இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை மேலாளர் கேட்டபோது சாவியை வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் ஒன்பது பேர் ஏறினார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் பத்தாவதாக அந்தத் தாய் ஏறினார். சில்லறை டிக்கெட் வேண்டாம் என்றார். தாய் கேட்கவில்லை, காசை நீட்டிக்கொண்டே நின்று டிக்கெட் வாங்கினார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். கல்லூரி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

டிரைவரம்மா கண்ணாடியில் பார்த்தார். தாய் ஜன்னல் வழியே, வகுப்புக்குப் போகும் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்பட வேண்டிய நேரம் நான்கு நிமிடம் தாண்டிவிட்டது. சில்லறை விசில் ஊதவில்லை. வாசலில் கடைசிப் பெண்ணும் உள்ளே போய் மறைந்தபிறகு, பின்னாலிருந்து குரல் வந்தது:

“எடுங்கம்மா. போகலாம்.”

டிரைவரம்மா வண்டியைத் திருப்பினார்.