பி.காம். சுந்தரவல்லி

"மீந்து போனா என்ன பண்ணுவேள்?"

செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் கூடையும் கையுமாக நிற்கிற முறுக்குக்காரரிடம் சுந்தரவல்லி கேட்டுக்கொண்டிருக்கிறாள். முறுக்கு வாங்கவில்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை. எண்ணெய் எந்தக் கடையில் வாங்குகிறார், வீட்டில் பிழிவது யார், மழை நாளில் வியாபாரம் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் இந்தக் கேள்விக்கு வருவாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் எழும்பூர் பாசஞ்சர் வந்துவிடும். பெண்கள் பெட்டியில் ஏறி, பூக்காரிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, மறுபடி தொடங்குவாள். "இன்னாம்மா இது, போலீசு மாதிரி கேக்குது இந்தப் பொண்ணு!" என்று பூக்காரி ஆரம்பத்தில் அலுத்துக்கொண்டாள். இப்போது சுந்தரவல்லி ஒரு நாள் வராவிட்டால் அவளே ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, "எங்க, உங்கூர்ப் பொண்ணைக் காணோம்?" என்கிறாள்.

நானும் செங்கல்பட்டுக்காரன். அதே வண்டி, அதே கல்லூரி, அதே பி.காம். வகுப்பு. அந்த வகுப்பில் பெண் என்று இருப்பவள் அவள் ஒருத்திதான்.

ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத கனத்த குரல். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்டு அனுப்பியதுபோல வேகமாக நடப்பாள். ஒரு கேள்வி பிறக்கும்போது புருவம் ஒன்று மட்டும் மேலே ஏறும். அதைப் பார்த்ததும் எங்கள் பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்.

அவளுடைய தகப்பனார் ஆராவமுதன் பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத வாத்தியார். மகள் இண்டர்மீடியட் தேறியதும் வணிகவியல்தான் படிப்பேன் என்றபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவர் மாமா கஸ்தூரிரங்கன். "பி.காம். படிச்சுட்டுக் கடையில போய் உக்காரப் போறியா?"

"உக்காந்தா என்ன மாமா? கடை நன்னா நடக்கணும், அவ்வளவுதானே?"

கல்லூரியில் அவளுக்கென்று ஒரு பெஞ்சைச் சுவரோரமாகத் தனியே போட்டிருந்தார்கள். அங்கிருந்து கரும்பலகை பாதிதான் தெரியும். முதல் நாள் பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்தாள். "சார், நேக்கு டெபிட் மட்டும்தான் தெரியறது. கிரெடிட் தெரியல" என்று சொல்லிவிட்டு, பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கித் தானே இழுத்துத் திருப்பினாள். வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். பெஞ்ச் திரும்பியபடியே இருக்கிறது.

பாலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு நாங்கள் காப்பி குடிக்கப் போவோம். அவள் போகமாட்டாள். காரியத்தைத் தள்ளிப்போடுகிற யாரையும் "சஸ்பென்ஸ் ஆசாமி" என்பாள். கஸ்தூரிரங்கன் மாமாவுக்கும் வீட்டில் அதுதான் பெயர்.

சென்ற வருஷம் வணிக அமைப்புப் பாடத்துக்காக எங்களை ஒரு ஆலைக்கு அழைத்துப் போனார்கள். பார்த்ததை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் உண்டு. வாசலில் காவலாளி எங்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டு, அவள் முறை வந்ததும் கையைக் குறுக்கே நீட்டினான். உள்ளே பெண்களை விட அனுமதி இல்லையாம். பேராசிரியர் நெளிந்தார். "நீ வீட்டுக்குப் போம்மா. பசங்க குறிப்பைப் பார்த்து எழுதிக்கலாம்."

"பார்க்காததை எப்படி சார் எழுதறது? நான் வேற தொழில் பார்த்து எழுதறேன்."

அவள் தேர்ந்தெடுத்தது உப்பளம். நெம்மேலிக்கு அருகே, கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்தது. அவளுடைய அம்மா காமு மாமி என்னிடம், "நீயும் வாடாப்பா. ரெண்டு பொம்மனாட்டிகளா எப்படிப் போறது?" என்றாள். மாமல்லபுரம் வரை பஸ், அதற்குமேல் மாட்டுவண்டி. மாமி மடிசாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உப்பு வரப்பில் வழுக்கி வழுக்கி வந்தாள்.

கால்வாய்க்கரையில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. அதைச் சாக்கில் நிரப்பிப் படகில் ஏற்ற வேண்டிய பெண்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி போலிருந்தவளின் பெயர் வேண்டா. சுந்தரவல்லி அவள் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். "ஏன் காத்துண்டிருக்கேள்? சொல்லுங்கோ" என்று அவள் மரியாதையாகக் கேட்டதில் வேண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா பாப்பா பண்றது? சாக்கு மொதலாளி வூட்டுக் கிடங்குல கீது. அவரு எய்ந்து, பூசை முடிச்சு, சாவி குடுத்து, வண்டி வர்ற வரிக்கும் குந்திகினு இருக்கணும். அப்பால உச்சி வெயில்ல ஓடி ஓடி சாவணும்."

"மொத நாள் சாயங்காலமே குடுத்தா?"

"களவு பூடும்னு பயம் அவருக்கு. எங்கைல குடுத்தா நான் பாத்துக்க மாட்டனா? கேட்டாத்தானே?"

சுந்தரவல்லியின் புருவம் ஏறியது. அன்றைக்கே முதலாளி செங்கல்வராயன் வீட்டு வாசலில் போய் நின்று, சாக்கை முதல் நாள் சாயங்காலமே வேண்டாவிடம் கொடுத்துவிடலாமே என்றாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏம்மா, பி.காம். படிச்சா எனக்கே தொழில் கத்துக் குடுப்பியா?" என்றார்.

"நான் சொல்லலை. வேண்டா சொன்னது. நான் கேட்டுண்டு வந்தேன், அவ்வளவுதான்."

அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "சரி, பாப்போம். ஆனா சாக்குல ஒண்ணு கொறைஞ்சாலும் அவளுக்கு வேலை கெடையாது."

சில நாள் நன்றாக நடந்தது. குளிர்ந்த வேளையிலேயே வேலை முடிந்து, மதியத்துக்குள் படகு கிளம்பியது. பிறகு ஒரு நாள் கடற்காற்று சுழன்றடித்ததில், வேண்டா கல்லை ஏற்றி வைத்திருந்தும் சாக்குக் கட்டு அவிழ்ந்து, சில சாக்குகள் கால்வாயில் போய்விட்டன. செங்கல்வராயன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வேண்டாவை நிறுத்திவிட்டார்.

அந்தப் பக்கம் பஸ் ஓட்டுகிற அருணகிரி சொல்லித்தான் எங்களுக்கு இது தெரிந்தது. மறுநாள் காலை பிளாட்பாரத்தில் சுந்தரவல்லி முறுக்குக்காரரைத் தாண்டிப் பேசாமல் நடந்தாள். பிறகு நின்று என்னைப் பார்த்தாள். "பரீட்சையில தப்பாப் போட்டா என் மார்க்குதான் போகும். இங்க அவா சோறு போயிடுத்தே!" கண் கலங்கியிருந்தது. வண்டி வந்தது, அவள் ஏறவில்லை. திரும்பிப் போய் அம்மாவை அழைத்துக்கொண்டு நெம்மேலிக்குப் புறப்பட்டாள். நானும் அன்று கல்லூரிக்குப் போகவில்லை.

செங்கல்வராயன் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவளும் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க கிடங்குல எலி கடிச்சு வருஷத்துக்கு எத்தனை சாக்கு போறது?"

"அதெல்லாம் யாரு பாத்தா?"

"அதைப் பார்க்காம இதை மட்டும் எப்படிப் பார்த்தேள்? கிடங்குல போனா எலி மேல பழி. கரையில போனா வேண்டா மேலயா? காத்தை அவா என்ன பண்ணுவா? மூடி போட்ட பெட்டி ஒண்ணு கரையில வையுங்கோ. அதுக்கப்புறமும் போனா அப்போ பேசலாம். படகு மதியத்துக்குள்ள போறதே, அது உங்களுக்கு லாபமில்லையா?"

அவர் காமு மாமியைப் பார்த்தார், ஏதோ அவள் மகளை அடக்குவாள் என்பதுபோல. மாமி, "அவ கேக்கறது சரிதானே?" என்றாள். அந்த அம்மாள் வேற்று ஆண்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

செங்கல்வராயன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "படகுக்காரன்கூட சந்தோஷமாத்தான் கீறான்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். "போங்க. அவளை நாளைக்கு வரச் சொல்லு."

பெட்டி வந்தது. வேண்டாவும் வேலைக்குத் திரும்பினாள். சுந்தரவல்லி எழுதிய கட்டுரைக்கோ ஆலைக் கட்டுரைகளைவிடக் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்தது. உப்பளம் தொழிற்சாலை ஆகாதென்று பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். "போறது" என்று அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

போன மாதம் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு மூவரும் மறுபடி உப்பளத்துக்குப் போனோம். வேலை முடித்திருந்த பெண்களைச் சுற்றிலும் உட்காரவைத்து, தான் எழுதிய ஆங்கிலத்தை வரிவரியாகத் தமிழாக்கி வாசித்தாள். தங்கள் பேச்சு காகிதத்தில் ஏறியிருப்பதைக் கேட்டு அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாக்குக்குக் காத்திருந்த கதை வந்தது. எங்கள் புத்தகங்களில் அதற்கு 'ஐடில் டைம்' என்று பெயர். "பெண்கள் சும்மா இருந்த நேரம்" என்று சுந்தரவல்லி வாசித்தாள்.

"இன்னாது? சும்மாவா?" வேண்டா நிமிர்ந்தாள். "நாங்களா சும்மா குந்தினோம்? புள்ளைக்குக் கஞ்சிகூட ஊத்தாம ஓடியாந்தோம் பாப்பா. அவங்கதான் எங்களை குந்த வெச்சாங்க."

சுந்தரவல்லி பேனாவைத் திறந்தாள். ஆங்கில வரியில் அந்த இரண்டு சொற்களையும் அடித்து, மேலே தமிழில் 'காக்கவைத்த நேரம்' என்று எழுதினாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, அந்தச் சொல் இன்னும் எங்கெங்கே இருக்கிறதென்று விரலை வைத்துத் தேடத் தொடங்கினாள்.